ஆம் என்று பதில் அனுப்பவும்

மாதக் கடைசியில் போனில் செய்தி வரும்.
இன்னும் வகுப்பில் இருக்கிறீர்களா?
ஆம் எனில் ஆம் என்று பதில் அனுப்பவும்.
அனுப்பாவிட்டால்
வாடகைப் பணம் நின்றுபோகும்.

மார்னி ஹார்யூலா
பேருந்து நிறுத்தத்தில் கையுறையைப் பல்லால் கழற்றி
ஆம் என்கிறாள்.
துலூத் நகரில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
ஏரி கல்லாகக் கிடக்கிறது.
இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டா
குளிரூட்டும் தொழில் படிக்கிறாய் என்று
சிரிக்காதவர் இல்லை.
பனிக்கட்டி விற்க வேறு இடமே கிடைக்கவில்லையா
என்றான் அண்ணன்.

முப்பத்தாறு மாதம் தந்திருக்கிறார்கள்.
மூன்று ஆண்டு என்று யாரும் எழுதுவதில்லை.
மாதம், அப்புறம் நாள்.
நிலுவைத் தாளில் அப்படித்தான் அச்சாகிறது,
ஊர் திரும்ப எத்தனை நாள் என்று
கட்டில் பலகையில் ஆணியால் கீறிக்கொண்டிருந்ததைப் போலவே.

நம்மிடம் செஞ்சோற்றுக் கடன் என்றொரு சொல் உண்டு.
தின்ற சோற்றுக்கு உயிரைக் கொடுப்பது.
இங்கே கணக்கைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.
உயிரோடு வந்தவளுக்குச் சோறு,
கூடவே புத்தகத்துக்கு ஒரு தொகை.
அழுத்தமானிக்கும் குழாய் வெட்டிக்கும் அது போதவில்லை.
டிரக்கை விற்றாள். அதனால்தான் பேருந்து.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்த காரணம்.
இரண்டு வரிக்குத்தான் இடம்.
நல்ல சம்பளம் என்று எழுதினாள்.
பொய்யில்லை.

பயிற்றுநர் நெங் சியோங்
அவளைவிட எட்டு வயது இளையவன், பட்டாளம் போகாதவன்.
முதல் நாள் பலகையில் எதுவும் எழுதாமல் சொன்னான்:
குளிர் என்று ஒரு பொருளே கிடையாது.
அதை யாராலும் செய்ய முடியாது.
வெப்பத்தை அள்ளி வேறிடத்தில் கொட்டலாம்,
அவ்வளவுதான் நம் பிழைப்பு.

அவள் குறிப்பேட்டை மூடிவிட்டு வெளியே போனாள்.
சிகரெட்டுக்கு என்று நினைத்துக்கொண்டான்.

காந்தஹாரில்
ஓடுதளத்தின் ஓரமாக ஒரு வெள்ளைக் கொள்கலன்.
உள்ளே இருவர்,
காலை விமானத்துக்குக் காத்திருந்தார்கள்.
ஒருவனை அவளுக்குத் தெரியும்,
சீட்டில் தோற்ற பதினோரு டாலரை
அவளுக்கு இன்னும் தராதவன்.
இரவு இரண்டு மணிக்கு இயந்திரம் நின்றது.
அந்த நேரத்திலும் வெளியே முப்பத்துமூன்று.
பழுது பார்க்கத் தெரிந்தவன் வேறு முகாமில்.
உணவுக்கூடத்துப் பனிக்கட்டியை
சாக்கில், தலைக்கவசத்தில், தரை துடைக்கும் வாளியில்
விடியும்வரை சுமந்தாள்.
நடுவில் ஒருமுறை
இயந்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தாள்.
கம்பிகள். செம்புக் குழாய்கள்.
உச்சி புடைத்த ஒரு சின்ன உருளை.
திரும்ப மூடினாள்.

ஏழாம் மாதம், செய்முறை அறை.
நெங் வேண்டுமென்றே கெடுத்து வைத்த பெட்டி.
மூடியைக் கழற்றினால்
அதே உருளை, அதே புடைப்பு.
மின்தேக்கி என்று இப்போது பெயர் தெரியும்.
விலை பதினெட்டு டாலர்.
மாற்ற நான்கு நிமிடம்.
அவள் அதை மீட்டரில் இரண்டு முறை அளந்தாள்,
தேவையில்லாமல் மூன்றாவது முறையும்.

இவ்வளவுதானா?
இவ்வளவுதான் என்றான் நெங்.
கடிகாரத்தைப் பார்த்து
நல்ல நேரம் என்று பதிவேட்டில் குறித்துக்கொண்டான்.

கம்ப்ரசர் ஒருமுறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.
பின்பக்கத்துக் குழாய் சுட்டது.
உள்ளிருந்து எடுத்தது
எங்காவது போகத்தானே வேண்டும்.
உள்ளங்கையை அதன்மேல் வைத்தபடி நின்றாள்,
மற்றவர்கள் கருவிகளைப் பையில் போட்டு,
விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துப் போகும்வரை.

பேருந்து போய்விட்டது.
ஏரிக்கரை வழியே நடந்தே வந்தாள்.
சட்டைப் பைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்ததை
அன்றிரவு அவள் எடுத்துப் பார்க்கவில்லை,
மறுநாளும்.

பணம் ஒன்பது நாள் தாமதமாக வந்தது.
வீட்டுக்காரி முப்பது டாலர் அபராதம் போட்டாள்.
கட்டினாள்.