உவர்நீர் திரும்பும் குழாய்

முதல் வரியை எழுதியது
வால்வு எண்கள் குறிக்கும் பதிவேட்டில்.
ஜுபைல். ஜூலை. இரவு இரண்டேகால்.
குளிரூட்டிய அறையின் கண்ணாடி
வெளிப்பக்கமாக வேர்த்திருந்தது.
மூன்றாம் பம்ப் ஒழுகுகிறது என்று
எழுத வேண்டிய கட்டத்தில்
'ஃபிலோமினா அன்று கதவைத் திறக்கவில்லை'
என்று எழுதிவிட்டேன்.
அவள் யாரென்று எனக்கே தெரியாது.
காலையில் மேற்பார்வையாளர்
பம்ப்பைப் பற்றி மட்டும் கேட்டார்.

பிறகு நாலு வருஷம்
கைபேசியில், ஒற்றைக் கட்டைவிரலால்.
திரையில் சரியாக ழகரத்தின் மேல் கீறல்.
வாழ்வு என்று அடித்தால்
வால்வு என்று விழும்.
பாதி இடங்களில் திருத்தவில்லை,
பொருள் கெடவில்லை என்பதால்.

அறையில் ஆறு பேர், மூன்று அடுக்குக் கட்டில்.
"லைட்ட அமத்துல" என்பான் மேல்கட்டில் மரியசெல்வம்.
தில் பகதூர் நேபாளியில் ஏதோ சொல்லி
தலையணையை எறிவான்.
போர்வைக்குள் கைபேசியோடு நுழைவேன்.
வியர்வையில் விரல் வழுக்கி
ஒரு அத்தியாயமே அழிந்த இரவும் உண்டு.
மறுநாள் அதைத் திரும்ப எழுதினேன்.
முதலில் எழுதியதுதான் நன்றாக இருந்தது
என்று இன்றைக்கும் சொல்வேன்,
நிரூபிக்க முடியாது.

ஏழு பதிப்பகங்கள்.
ஒன்று ஆறு மாதம் பொறுக்கச் சொன்னது.
இது பதினாலாவது மாதம்.
ஒன்று நாற்பதாயிரம் ரூபாய் கேட்டது,
ரியாலில் கணக்குப் போட்டுவிட்டு
விளக்கை நானாகவே அணைத்தேன்.
ஒன்று கேட்டது:
வளைகுடா நாவல் என்கிறீர்கள், பாலைவனம் எங்கே,
ஒட்டகம் எங்கே?
பதினோரு வருஷத்தில் நான் பார்த்த ஒட்டகங்கள்
லாரியில் போயின, இரண்டு தடவை.

குழந்தைவேலு என்ற பதிப்பாசிரியர்
பதினோரு நிமிடக் குரல்செய்தி அனுப்பினார்.
"கதை இருக்கு தம்பி.
நூத்துப் பன்னெண்டு பக்கம் கூடவும் இருக்கு."

எனக்கு இது புரியாத விஷயமில்லை.
நூறு வாளி கடலை உள்ளே இழுத்தால்
நாற்பது வாளி குடிக்க ஆகும்.
மிச்சம் முன்னைவிட உப்புக் கூடி
இன்னொரு குழாயில் கடலுக்கே திரும்பும்.
அந்தக் குழாயை வாரம் மூன்று நாள்
தட்டிப் பார்ப்பவன் நான்தான்.
கோயில் திருவிழா போயிற்று. அப்பாவின் கடன் போயிற்று.
மூன்று கனவுகளும் போயின,
மூன்றும் நான் நிஜமாகவே கண்டவை.
'கனவு நம்பும்படி இல்லை' என்று
ஓரத்தில் குறித்திருந்தார்.
ஃபிலோமினா கதவைத் திறக்காமலே தங்கிவிட்டாள்.

ஆசிரியர் குறிப்புக்கு மூன்று வரி கேட்டார்கள்.
பொறியாளர் என்று எழுதி, அழித்து,
தண்ணீர் ஆலையில் வேலை என்று எழுதினேன்.
படத்தில் நெற்றியில் ஒரு கோடு தெரியும்.
ஹெல்மெட் தழும்பு,
சிந்தனை ரேகை இல்லை.

விடுமுறை முடிந்து வந்த மரியசெல்வம்தான்
ஐந்து பிரதிகளைக் கொண்டுவந்தான்,
நெத்திலிக் கருவாட்டுக்குப் பக்கத்தில் லுங்கியில் சுற்றி.
தம்மாம் சுங்கத்தில் ஒருவர்
புத்தகத்தைத் தலைகீழாகப் பிரித்து
ஐஷ் ஹாதா என்றாராம்.
கிஸ்ஸா என்றானாம் இவன்.
உன்னுடையதா?
ஒரு நொடி யோசித்து
ஆமாம் என்று சொல்லிவிட்டானாம்.

புத்தகம் கருவாடு மணந்தது.
அட்டையில் என் பெயர்
யாரோ கூப்பிட்டது போல் இருந்தது.
நூற்று நாற்பத்துமூன்றாம் பக்கத்தில்
வாழ்வைத் திறந்து தண்ணீரை விடுகிறான் கதாநாயகன்.
நான் விட்ட வால்வையெல்லாம் திருத்தியவர்கள்
அசல் வால்வையும் திருத்திவிட்டார்கள்.
அடுத்த பதிப்பில் மாற்றலாம் என்றார் குழந்தைவேலு.
முந்நூறு பிரதி அச்சிட்டவர்
அடுத்த பதிப்பு என்கிறார்!

இப்போது மணி ஒன்றரை.
நாலு மணிக்கு எனக்கு ஷிஃப்ட்.
மேல்கட்டிலில் விளக்கு எரிகிறது.
தில் பகதூர் முனகுகிறான், திரும்பிப் படுக்கிறான்.
தாள் புரளும் சத்தம்.
சிரிக்க எதுவும் எழுதியதாக நினைவில்லை,
ஆனால் மரியசெல்வம் சிரிக்கிறான்.

எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.
போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.