எறியிற

லீக் மேட்ச், மூன்றாவது ஓவர்.
அம்பயர் கையை நீட்டினார். நோ பால்.
மறுபடியும். மறுபடியும்.
"தம்பி, நீ போடல. எறியிற."
ஒத்தக்கடை சோணைமுத்துவின் கிரிக்கெட்
ஒரு சனிக்கிழமை பதினொன்றரைக்கு முடிந்தது.

எறிவதே வேலையாக ஒரு ஆட்டம் இருந்தது.
கல்லூரி பி.டி. மாஸ்டர் ஆள் தேடினார்.
ஒன்பது பேருக்கு ஐந்து கிளவுஸ்.
பெரியது எனக்கு: நான் கேட்சர்,
அவனுக்கெதிரே குத்தவைத்து உட்காருபவன்.

ஆனைமலை நிழலில் மண் குவித்து மேடு கட்டினோம்.
முதல் பந்தே என் பெருவிரலைப் பெயர்த்தது.
இரண்டு விரல் காட்டினால் வளையும்.
ஒன்று காட்டினால்
பார்ப்பதற்குள் உள்ளங்கை எரியும்.

மாவட்டம், பல்கலைக்கழகம், மாநிலம்.
சண்டிகருக்கு இரண்டு முறை
கழிப்பறை ஓரம் நின்றே போனோம்.
தேசிய முகாமில் அவன் பதினெட்டாவது பெயர்.
டிக்கெட் பதினாறு பேருக்கு.

அப்புறம் தோள்.
ஸ்கேனுக்கு ஏழாயிரம் என்றார்கள்,
எண்ணெயே போதுமென்றான்.
வேலைக்குச் சர்டிபிகேட் நீட்டினோம்.
கவுண்டர்க்காரர் கண்ணாடியை ஏற்றிக் கேட்டார்:
"பேஸ்கட்பாலா?"

இப்போது பேப்பர் வேன்.
விடிகாலை மூணரை, மேலூர் ரோடு.
வண்டி நிற்காது.
திறந்த கதவிலிருந்து டீக்கடை பெஞ்சுக்கு
கட்டுக்கட்டாக, இடது கையால்.

நேற்று நானும் கூடப் போனேன்.
கொட்டாம்பட்டி முக்கில்
ஒரு கட்டு சாக்கடையில் விழுந்தது.
"பால்" என்றேன்.
அடுத்த கட்டை எடுத்துக்கொண்டே
திரும்பாமல் சொன்னான்:
"நீ காட்டுன விரல் தப்புடா."