மூன்றாம் எண் கூண்டு

பாம்பனில் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று சொல்லி
வேன்காரர் போனை வைத்தபோது மணி ஐந்தே முக்கால்.
பதினொரு பேர். பதினொரு மடக்கு நாற்காலி.
தலைக்கு அறுநூற்றைம்பது வசூல்.
செய்யதம்மாள் கட்டிவந்த எலுமிச்சைச் சோறு,
கீழக்கரைக் கலங்கரை விளக்கத்துக்காகவே
துளசிராம் வாங்கிய மூன்று நீலக் குழாய்கள்
எல்லாம் மாசி வீதி முனையில்
புக்கிங் ஆகாத பார்சல் மாதிரிக் கிடந்தன.

"வீட்டுக்குப் போனா துணி தொவைக்கணும்"
என்றாள் அற்புதமேரி.
அதற்குமேல் யாரும் திரும்புவதைப் பற்றிப் பேசவில்லை.

மாயழகுதான் டீ கிளாசோடு கை காட்டினான்:
"இதுவும் வெளக்குதானய்யா."

விளக்குத்தூண்.
கோட்டையை இடித்த கலெக்டர் பேருக்கு நிற்கும் இரும்பு.
இருபது வருஷமாய் இதைச் சுற்றித்தான் வண்டி திருப்புகிறேன்,
நிமிர்ந்து பார்த்ததில்லை.
மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிறவள் நான்.
கேமராவைத் திறக்குமுன்
கை, பழக்கதோஷத்தில், மீட்டர் பெட்டியைத் தேடியது.

ஏழு மணிவரை தூண் எங்களுடையது.
துளசிராம் அடியில் பாறை வைத்தார்.
அற்புதமேரி பாய்மரம் ஒன்றைத்
துணிக்கடைப் படிக்கட்டில் சாய்த்தாள்.
சேலைப் பொதி ஏற்றிய கைவண்டிக்காரர் நின்று பார்த்து
"எங்க கெடக்கு இம்புட்டுத் தண்ணி?" என்றார்.
குடிதண்ணீர் நான்கு நாளைக்கு ஒருமுறை வரும் ஊரில்
நியாயமான கேள்வி.

மறந்தே போயிருந்தோம்,
தீபாவளிக்கு முந்தின கடைசி ஞாயிறு அது.
ஒன்பதரைக்கு முதல் அலை வந்தது.
உசிலம்பட்டி பஸ், மேலூர் பஸ், திருமங்கலம் பஸ்,
மஞ்சப்பை, கட்டைப்பை, தோளில் குழந்தை.
பத்து மணிக்கு என் நாற்காலியை யாரோ கடந்தார்கள்,
யாரோ அதில் உட்கார்ந்து செருப்பு வார் மாட்டினார்கள்,
அப்புறம் நாற்காலியையே காணோம்.
கண்காணிப்புக் கோபுரத்து மைக்
நகை பத்திரம், பர்ஸ் பத்திரம் என்று
விடாமல் இரைந்தது.

காதோரமெல்லாம் செல்போன்.
"எங்கடி இருக்க?"
"வெளக்குத்தூண்ல."
"நானும் வெளக்குத்தூண்லதான்டி இருக்கேன்."
சுற்றிச் சுற்றி வந்தார்கள். கண்டுகொண்டார்கள்.
மேலே எரிகிறதா என்று
ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

கூட்டம் ஒரு பையனை எங்கள்மேல் ஒதுக்கிவிட்டுப் போனது.
ஐந்து வயசு, கோடு போட்ட டவுசர், ஒற்றைச் செருப்பு.
பேர் மிதுன். ஊர் கொட்டாம்பட்டி. அம்மா பேர் அம்மா.
மாயழகு மைக்குக்காரரிடம் ஓடினான்.
அழுகையை அடக்கத் துளசிராம் பிரஷ்ஷைக் கொடுத்தார்.
அவன் பாறையை அழித்தான்.
வானத்தை அழித்தான்.
ஒரு நீலக் குழாயை முழுசாய்ப் பிதுக்கித்
தூணின் கழுத்துவரை தண்ணீர் ஏற்றினான்.
மைக் சொன்னது:
"விளக்குத்தூண் கீழே, படம் வரைகிறவர்கள் பக்கத்தில்."

போதுமணி என்பது அவள் பேர், பிறகு தெரிந்தது.
வந்ததும் முதுகில் ஒன்று வைத்தாள்.
அப்புறம்தான் தூக்கினாள்.
அப்புறம் படத்தைப் பார்த்து,
"கலரை வீணாக்கிட்டானே, எவ்வளவு சார்?" என்று
முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனாள்.
துளசிராம் கும்பிட்டார். வேறு எதுவும் வரவில்லை அவருக்கு.

மூன்று மணிக்குக் கூண்டில் சொன்ன மழை
எங்களையும் வந்து பார்த்தது.
நனைந்த எலுமிச்சைச் சோற்றைக்
கட்பீஸ் கடை வாசலில் நின்றபடியே தின்றோம்.

இருநூற்றுப் பன்னிரண்டு போட்டோ எடுத்திருக்கிறேன்.
ஒன்றிலாவது தூண் முழுசாய் இல்லை.
பலூன், பொதி, யாரோ ஒரு கொண்டை,
ஒன்றில் அடிப்பீடமும் சின்னச் செருப்பும்.
அந்தச் செருப்பு நாங்கள் கிளம்பும்போதும் அங்கேதான் கிடந்தது.

வேன்காரர் முன்பணத்தில் ஐந்நூறு பிடித்துக்கொண்டார்.
நாற்காலி திரும்பக் கிடைக்கவில்லை.
பிரிக்காத இரண்டு நீலத்தையும்
துளசிராம் சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டார்,
கீழக்கரைக்கு.