சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தவும்

ஆபர்டீன். பிப்ரவரி. செவ்வாய் இரவு.
மதுக்கடையின் நிலவறையில்
நாற்பத்தோரு நாற்காலி, இருபத்தாறு ஆள்.
ஒன்பது பேர் போட்டியாளர்கள்,
மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

நான் மோர்வன் கெட்டிஸ்.
பகலில் காது சோதிப்பவள்.
செவிடன் காதில் ஊதிய சங்கு வீண் என்பார்கள்;
எனக்கு அது மாதச் சம்பளம்.

கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்காரவைத்து,
ஹெட்ஃபோன் மாட்டி,
"சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்" என்பேன்.
கேட்காதபோதும் அழுத்துவார்கள்.
எண்பது வயதிலும்
பரீட்சையில் தோற்கப் பயம்.

இன்றைக்குக் கூண்டுக்குள் நான்.

எனக்கு முன்னால் ரூரி.
நடுக்கடல் எண்ணெய் மேடையில் வெல்டர்.
கடற்பறவை ஒன்று
அவன் கையிலிருந்த வறுத்த மீனைக் கொத்திப் போனதைச்
சொல்லத் தொடங்குமுன்பே சிரித்துவிட்டார்கள்.
சிலருக்கு அப்படி முகம் வாய்க்கிறது.
எனக்கு வாய்த்தது
படிவத்தில் கையெழுத்துக் கேட்கிற முகம்.

ஐந்து நிமிடம் தருவார்கள்.
நான்காவதில் சிவப்பு பல்பு.

"நான் பேசுவது காதில் விழவே இல்லை என்று
பதினெட்டு வருஷம் சொன்னார் என் கணவர்.
கூண்டில் உட்காரவைத்துச் சோதித்தேன்.
இரண்டு காதும் பழுதில்லை.
அறிக்கையை வக்கீலிடம் கொடுத்தேன்."

குளியலறைக் கண்ணாடி முன் அறுபது தடவை
சொல்லிப் பார்த்தது.
கண்ணாடி ஒவ்வொரு தடவையும் சிரித்தது.

இங்கே
பீர் குளிர்பெட்டி மட்டும்
ஐம்பது ஹெர்ட்ஸில் முனகியது.
அதை இவ்வளவு துல்லியமாகக் கேட்டவள்
அந்த அறையில் நான் ஒருத்திதான்.
ஒருவர் பொத்தானையும் காணோம்.

அப்போதுதான் மூன்றாம் வரிசையில்
மிஸ்டர் டலக்கைப் பார்த்தேன்.
இடது காதுக்கு நவம்பரில் கருவி பொருத்தியது நான்தான்.
அவர் பக்கத்தில் மனைவி எஃபி குனிந்து,
ரகசியம் என்று நினைத்துக்கொண்டு,
கப்பல்துறை வரை கேட்கும் குரலில்:

"வக்கீல்கிட்ட கொடுத்துட்டாளாம்!"

கூரை பெயர்ந்தது.

அதற்குப் பிறகு
எழுதிக் கொண்டுவந்ததை எல்லாம் விட்டுவிட்டேன்.
ஒரு வரி சொல்வேன், நிறுத்துவேன்.
எஃபி அதை உடைத்து, பாதி மாற்றி,
அவருடைய காதில் கொட்டுவாள்.
என் நகைச்சுவை அவள் வாயில் போய்ப் பிறந்தது.
பெற்ற வலி எனக்கு,
பெயர் வைத்தது அவள்.
பல்பு சிவந்தது. யார் பார்த்தார்கள்.

முடிவுக்குக் கைதட்டல்தான் நீதிபதி.
தொகுப்பாளன் இன்னஸ்
கைபேசியில் ஏதோ செயலியைத் திறந்து
தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான்.
ரூரிக்குத் தொண்ணூற்று நான்கு டெசிபல்.
எனக்குத் தொண்ணூற்றிரண்டு.

சொல்லத் துடித்தது நாக்கு:
தம்பி, அது அளவு சரிபார்க்காத கருவி,
இந்த இரைச்சலில் இரண்டு டெசிபல்
இருமல் வித்தியாசம்.
எனக்கேவா காது குத்துகிறாய்?
சொல்லவில்லை.
ஐம்பது பவுண்டும் ஒரு பெட்டி உறைமீனும்
ரூரி வாங்கிக்கொண்டான்.
மீனைப் பத்திரமா மூடிக்கொண்டு போ என்று யாரோ கத்த,
அதற்கும் சிரிப்பு.

வெளியே படிக்கட்டில் மிஸ்டர் டலக் காத்திருந்தார்.
"பிரமாதம். ஒரு சொல்லும் விழவில்லை.
ஞாயிற்றுக்கிழமையே பேட்டரி போய்விட்டது."

"அப்புறம் எதற்குச் சிரித்தீர்கள்?"
என்றேன், உதடு தெரியும்படி மெதுவாக.

"எஃபி சிரித்தாளே."

கோட்டுப் பையில் எப்போதும் ஒரு அட்டை இருக்கும்.
பழுப்பு ஒட்டுத்தாளை உரித்து,
காற்றுப்பட ஒரு நிமிடம் வைத்திருந்து,
மாட்டிவிட்டேன்.
தெருவிளக்கில் கருங்கல் படிகள் நனைந்து மின்ன
கணவர், கூண்டு, அறிக்கை, வக்கீல்
முழுவதையும் திரும்பச் சொன்னேன்,
அவர் ஒருவருக்கு.

கடைசிச் சொல் வரை கேட்டார்.
சிரிக்கவில்லை.

"பாவம்," என்றார், "அந்த மனுஷன்."

வாசலில் புகைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர்
புரையேறிச் சிரித்தார்கள்.

பேருந்துக்குப் பதினொரு நிமிடம் இருந்தது.
நோட்டை எடுத்து
அதை எழுதிக்கொண்டேன்.