நெல்லுக்கு வரி உண்டு

கல்லாவின் ஓரத்தில் ஒட்டுநாடா போட்டு ஒட்டிய தாள்:
கோழித் தீனுக்கு வரி இல்லை. கிளித் தீனுக்கு உண்டு.
குதிரைக்கு இல்லை, அது பந்தயத்தில் தோற்றாலும்.
பூனைக்கு எப்போதும் உண்டு;
இரவெல்லாம் களஞ்சியத்தில் எலி பிடித்தாலும்
அது வேலை செய்வதாக
லண்டனில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.
நாய் என்றால், எந்த நாய்?

ஒரே ஆலை. ஒரே கோழி, ஒரே அரிசி,
ஒரே பதினைந்து கிலோ.
பச்சை மூட்டையில் 'வேலை நாய்' என்று அச்சு: முப்பது பவுண்.
நீல மூட்டையில் சோபாவில் சாய்ந்த நாயின் படம்: முப்பத்தாறு.
வரி நாயைப் பார்ப்பதில்லை,
மூட்டையை வாசிக்கிறது.

அதனால் எங்கள் கிர்க்பி ஸ்டீபனில்
இடுப்பில் ஏறி வரும் பொமரேனியன்கூட
வேலைக்குப் போகிறது.
பல் வைத்தியரின் மனைவி கண்ணைச் சிமிட்டுவாள்,
நான் பச்சையை எடுத்து வைப்பேன், இயந்திரம் கீச்சிடும்.
யாரும் பொய் சொல்லவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.

என் மதியச் சாப்பாடும் இப்படித்தான்.
எதிர்க்கடையில் சூடாகக் கட்டித் தந்தால் வரி,
குளிராக விற்றால் இல்லை.
ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று எவன் சொன்னான்?
இங்கே அதற்குச் சலுகை.

ஒக்டோபரில் மெட்கால்ஃப் வந்தார்.
கடைசி நாற்பது ஆடும் ஏலத்தில் போய்விட்டன என்று
மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.
கூடவே நெல். நாயின் பெயர் அதுதான்;
முதன்முறை கேட்டபோது நான் ஏன் சிரித்தேன் என்று
அவருக்கு இன்றுவரை தெரியாது.

வழக்கம்போலப் பச்சை மூட்டையில் கை வைத்தேன்.
"நீலம்" என்றார்.

விளக்கினேன். சட்டம் அப்படிக் கேட்கவில்லை,
ஓய்வுபெற்ற நாயும் பச்சையே தின்னலாம்,
ஆறு பவுண் வீணாகப் போகிறது.
அவர் கல்லாவின் மேல் குனிந்தார்.
"இப்ப அவளுக்கு வேலை இல்லை" என்றார்,
கீழே நிற்கிறவளின் காதில் விழாதபடி.

கீழே யாரும் நிற்கவில்லை.

வயிறு தரையில் உரச, ஓர் அரைவட்டம் போட்டு,
வரிசையில் நின்ற பல் வைத்தியரின் மனைவியை,
பொமரேனியனை, முயலுக்கு வைக்கோல் வாங்க வந்த
இரண்டு பிள்ளைகளை,
சிப்பித்தூள் அடுக்கின் மூலைக்கு ஒதுக்கிவிட்டு
கண்ணெடுக்காமல் படுத்திருந்தாள் நெல்.
ஒருவரும் அசையவில்லை.

மெட்கால்ஃப் பார்த்தார்.
விசிலுக்கு உதடு குவிந்தது. அடிக்கவில்லை.
சில்லறையாக ஆறு பவுணை எண்ணி வைத்து,
"பில் போடு" என்றார்.