இலக்கத்தகட்டில் சேறு

கிளிநொச்சியில் ஒரு மண்டபம். மின்விசிறி ஓடவில்லை.
மனித உரிமைக் கண்காணிப்பு, ஒருநாள் பயிற்சி,
மதியம் சோற்றுப் பார்சல்.
ஆருக்கு எழுத வரும் என்று கேட்டார்கள்.
நெல்லு மில்லில் கணக்கெழுதுகிறவள் நான்,
ஆறு வருடமாய் ஒரு சதம் பிழைத்ததில்லை என்ற திமிரில்
கையை உயர்த்திவிட்டேன்.

சம்பளம் இல்லை.
பஸ் காசு தருவோம் என்றார்கள். இரண்டு தரம் வாங்கினேன்,
பிறகு பற்றுச்சீட்டு ஒட்டப் பஞ்சியாகிவிட்டது.

இரவு, தவிட்டுக் கையைக் கழுவிவிட்டு எழுத இருப்பேன்.
என்ன நடந்தது. எங்கே. எத்தனை மணி.
கண்டவர் ஆர், கேட்டவர் ஆர்.
அடைமொழி வேண்டாம், கண்ணீர் வேண்டாம்,
"கொடூரமாக" வேண்டவே வேண்டாம்.
கொழும்பிலிருந்து ஃபஸ்லியா திருத்துவாள்.
முகம் கண்டதில்லை. இருமலைத் தெரியும்,
சிவப்புக் கோடுகளைத் தெரியும்.

பூமலர்தேவி என்று வைத்துக்கொள்வோம்.
ஒட்டுசுட்டானுக்கு இந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம்.
மரத்தடியில் நடந்த பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு
என்னோடு ஒரே உரப்பையில் இருந்து படித்தவள்.
மே பதினெட்டு, படலைக்கு வெளியே
ஒரு கிடாரத்தில் கஞ்சி காய்ச்சினாள்,
போனவர் வந்தவருக்குச் சிரட்டையில் வார்த்தாள்.
பத்தொன்பது காலை இரண்டு பேர். சிவில் உடுப்பு. மோட்டார்சைக்கிள்.
கிடாரம் ஆருடையது. விறகு ஆர் கொத்தினது.
அரிசி ஆர் தந்தது.
வீட்டையும், வங்கிப் புத்தகத்தையும்,
கொடியில் காய்ந்த பிள்ளையின் பள்ளிச் சட்டையையும்
போனில் படமெடுத்துக்கொண்டு போனார்கள்.

எழுதி முடித்துப் போய் வாசித்துக் காட்டினேன்.
"விசாரிக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது."
பானைக்கரி தேய்த்த கையை நிறுத்தினாள்.
"ஆர் கூறினது?"
அது ஒரு முறை, என்றேன். சட்டத்துக்கு.
"ஆரோ றோட்டால போனவன் சொன்ன மாதிரியெல்லோ கிடக்கு.
நான்தானே சொன்னனான்.
முத்தத்தில நிண்டு, இந்த வாயால."

அன்றிரவு அந்த ஒரு வினைச்சொல்லோடு மாரடித்தேன்.
பட்டது, பட்டது என்று
ஆளே இல்லாமல் தமிழில் எவ்வளவு நடந்துவிடுகிறது.
கடைசியில், "சாட்சி கூறினார்."
ஃபஸ்லியா கோடு போடவில்லை.

போட்டது வேறிடத்தில்.
"மூன்று கிழமையாக மழையில்லை;
மோட்டார்சைக்கிளின் இலக்கத்தகட்டில் மட்டும் சேறு."
ஓரத்தில் எழுதியிருந்தாள்: அனுமானம். எடுத்துவிடுவோமா?
போன் எடுத்தேன்.
அனுமானம் எங்கே இருக்கிறது, தங்கச்சி?
மழையில்லை. சேறு. இரண்டும் கண்ணால் கண்டது.
நடுவில் அரைப்புள்ளி மட்டும்தான் என்னுடையது.
சிரித்தாள், இருமினாள், சேறு இருக்கட்டும் என்றாள்.
பிறகு கேட்டாள்:
அரிசி எங்கே வாங்கியது என்று சாட்சி சொன்னாரா?

சொல்லவில்லை, என்றேன்.
உண்மை. அவர்களிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.
என்னிடம் சொல்லத் தேவையில்லை:
பற்றுக் கொப்பி, நாற்பத்தோராம் பக்கம், என் கையெழுத்து,
குறுணல் பன்னிரண்டு கிலோ, கடன்.

சட்டம் படித்தவர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருப்பார்கள்.
எனக்குத் தெரிந்த சொல் கணக்குப் பிழை.
ஆறு வருடத்தில் முதலாவது.

அறிக்கை வந்தது. தடித்த மட்டை, மூன்று மொழி.
நான் எழுதியது அறுபத்துமூன்றாம் பக்கத்தில் ஆறு வரி,
சேறு அடிக்குறிப்பில், எறும்பளவு எழுத்தில்.
என் பெயர் எங்கும் இல்லை. வேண்டாமென்று நான்தான் சொன்னேன்.
ஆனாலும் தேடினேன்.
பூமலர்தேவி வாங்கிப் பார்த்தாள், மட்டை நல்ல மொத்தம் என்றாள்.
அடுத்த கிழமை பக்கத்து வளவுக்காரியையும் ஏற்றிக்கொண்டு
சைக்கிளில் வந்தாள்.

இன்று மில்லுக்கு எதிரே ஒரு மோட்டார்சைக்கிள்,
பத்து மணியிலிருந்து.
தகடு துடைத்துத் துலக்கமாக இருக்கிறது.
குனிந்தபடி எழுதுகிறேன்:
அன்னலிங்கம், பதினான்கு மூட்டை, ஈர நெல்.
அதற்குக் கீழே
ஓர் இலக்கம்.