சான்று எண் பதினான்கு

பச்சை விளக்கு எரிந்தால் பேசலாம்.
மஞ்சள் என்றால் இன்னும் முப்பது விநாடி.
சிவப்புக்குப் பிறகு சொல்வதெல்லாம்
கூட்டக் குறிப்பில் ஏறாது.
பொத்தான் என் கட்டைவிரலுக்குக் கீழே.
பதினெட்டு வருடமாக
இண்டியானாவின் இந்த மூலையில்
யாருடைய கோபமும்
மூன்று நிமிடத்தைத் தாண்டியதில்லை.

இன்று இருநூற்றுப் பதினோரு பேர்.
தீயணைப்பு நிலையத்தில்
மடக்கு நாற்காலிகள் இரவல் வாங்கினோம்.
இடப்பக்கம் சபையார், ஒரே நீலச் சட்டையில்.
வலப்பக்கம் டக்கர் சாலைக்காரர்கள்,
சிலர் வயலிலிருந்து நேரே,
காலணிச் சேறு காயாமல்.

ஜீவ ஊற்று சபைக்கு
இரண்டாயிரத்து நானூறு இருக்கைகள் வேண்டும்,
ஆயிரத்து நூறு கார்கள் நிற்க இடம் வேண்டும்,
காப்பிக் கடை, உடற்பயிற்சிக் கூடம்,
இரவிலும் பந்தாட விளக்குக் கம்பங்கள்.
வழக்கறிஞர் திரையில் படம் காட்டினார்:
அதில் மரங்கள் எல்லாம் ஒரே உயரம்.
மனிதர்களுக்கு நிழல் இல்லை.

ஓரின் ஸ்ட்ராட்மயர் முதலில் வந்தார்.
ஞாயிறு காலை அவர் பால் வண்டி
சாலையில் ஏற இப்போதே நாற்பது நிமிடம்.
"பசுவுக்கு ஓய்வுநாள் தெரியாது ஐயா."
இரண்டு பக்கமும் சிரித்தார்கள்.
டெல்ஃபின் கோவாக்ஸ்
"நான் ஆந்தைகளைப் பற்றிப் பேச வரவில்லை" என்று தொடங்கி
சிவப்பு வரும்வரை
ஆந்தைகளைப் பற்றியே பேசினாள்.

பிறகு நீலச் சட்டையில் ஒருவர்,
வேட் லிண்ட்குவிஸ்ட், குரலை உயர்த்தாதவர்:
"வெள்ளம் வந்த மார்ச்சில்
எங்கள் கூடத்தில் படுத்துறங்கியவர்கள்
கை தூக்குங்கள்."

குளிர்சாதனம் மட்டும் இரைந்தது.
வலப்பக்கம் ஒரு கை.
அப்புறம் தயங்கித் தயங்கி இன்னும் எட்டு.
எண்ணினேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
தூக்கிய கையை இறக்காமலே
ஓரின் எழுந்து சொன்னார்:
"அன்றைக்குக் கம்பளி கொடுத்தீர்கள்.
விலை சொல்லவில்லையே."

கடைசியாக ஹெஸ்டர் ப்ளௌம்.
ஊறுகாய் ஜாடி ஒன்றை மேசையில் வைத்தாள்.
மண்ணைச் சமன்செய்ய இயந்திரம் இறங்கிய வாரம்
அவள் சமையலறைக் குழாயில் பிடித்த தண்ணீர்.
தேநீர் நிறம். வேறொன்றும் சொல்லவில்லை.
தலைவர் என்னைப் பார்த்தார்.
சான்று எண் பதினான்கு என்று சீட்டு ஒட்டினேன்.
பாஸ்டர் ஸ்ட்ரௌட் வந்து
ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்,
ஒரு மருத்துவர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல்.
"எத்தனை நாளாக?" என்றார், மைக்கில் அல்ல.
அவள் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை.
சிவப்பை நான் அழுத்தியிருக்க வேண்டும்.
அழுத்தவில்லை.
நாற்பது விநாடி, என் கணக்கில் குறைகிற முதல் திருட்டு.

என் பக்கத்தை யாரும் கேட்கவில்லை.
எழுதுகிறவளுக்குப் பக்கம் கிடையாது.
வியாழன் இரவு எட்டு மணிக்கு
அந்தச் சபையின் நிலவறையில் பன்னிரண்டு நாற்காலி போடுகிறார்கள்.
ஒன்றில் என் மகன் கோல்பி.
குடிக்காமல் பதினான்கு மாதம்.
எங்கள் வீட்டுக் கிணறும்
டக்கர் சாலையில்தான்.

நான்குக்கு மூன்று. அனுமதி.
நிபந்தனைகள்: விளக்குகள் ஒன்பதுக்கு அணைய வேண்டும்,
இருநூறு கார்கள் குறைவு,
கிணறுகளை ஆண்டுக்கொரு முறை சோதிக்க வேண்டும்.
சோதிப்பது யார் என்று எழுதவில்லை.
நீலச் சட்டைகளும் சேற்றுக் காலணிகளும்
ஒன்றாகவே நாற்காலி மடக்கினார்கள்,
யாரும் யாரோடும் பேசாமல்.

ஜாடி இப்போது என் அலமாரியில்.
மண் அடியில் தங்கிவிட்டது,
மேலே தண்ணீர் தெளிந்து
குடித்துவிடலாம்போல் இருக்கிறது.
அசைத்தால் மறுபடி கலங்கும்,
அதனால் கோப்புகளை மெதுவாக எடுக்கிறேன்.
சான்றுகளை ஏழு வருடம் காக்கச் சொல்கிறது விதி,
அப்புறம் அப்புறப்படுத்தச் சொல்கிறது.
எங்கே கொட்டுவது என்று
அதில் இல்லை.